கையளித்தலும் காட்டிக்கொடுத்தலும்

பல ஆண்டுகளுக்கு முன்பு, வளைகுடா நாடொன்றில் பணிபுரிந்த நம் பங்கு இளைஞர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊரில் பூர்வீக நிலம் குறித்துப் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு வாய்தா விடுப்பெடுத்து வர அவரால் இயலாது. ஆகவே தம் அண்ணனுக்குப் 'பவர்' எழுதிக் கொடுக்கலாமா, அதில் என்னென்ன எழுதவேண்டும் என்று கேட்டிருந்தார். நாம் அன்று எழுதிய மறுமொழி இன்றும் நம் நினைவில் முள்ளாய் நிற்கிறது. உடன்பிறந்தோருக்குள் நிபந்தனை எதற்கு, நம்பிக்கையே போதும் என்ற பொருள்பட இரண்டே வரிகளில் எழுதி முடித்திருந்தோம்.

அந்த இளைஞர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திற்குச் சென்று, யாரோ எழுதிக் கொடுத்த ஆயத்தப் படிவமொன்றில் கையொப்பமிட்டார். வழக்கை நடத்தும் அதிகாரம் மட்டுமல்ல. விற்கவும், அடகு வைக்கவும், பணம் பெற்றுக்கொள்ளவும் அதில் இடமிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் விடுப்பில் வந்தபோது, வழக்கு முடிந்திருந்தது. அவருடைய பங்கு நிலமும் விலைபோயிருந்தது. சமரசம் பேசச் சென்ற நம்மிடம் அண்ணன் கேட்டார்: "கையெழுத்து அவன் கையெழுத்துதானே, சாமி? எழுதிக் கொடுத்ததைத்தானே நான் செய்தேன்?" பணத்திற்குக் கணக்குக் கேட்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் நிலத்தை வாங்கியவர் ஆவணத்தை நம்பி வாங்கியவர், நிலம் திரும்பவில்லை. அதன்பின் அவ்விரு குடும்பங்களும் ஞாயிறு திருப்பலிக்கு ஒரே நேரத்தில் வருவதை நிறுத்திக்கொண்டன.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மைத் துரத்திக்கொண்டிருக்கிறது. நம்பிக்கையே போதும் என்று எழுதினோமே, அது கிறிஸ்தவப் போதனைதானா? நம் திருமறையும் திருச்சபையின் வரலாறும் அப்படித்தான் சொல்கின்றனவா? தொலைநாட்டில் இருப்பவர் தம் அதிகாரத்தை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் வழக்கத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

இரண்டாக்கப்பட்ட சீட்டு

நம் விவிலியத்தில் தோபித்து நூலைப் பலரும் பயணத்தின் கதையாகவும், இல்லறத்தின் கதையாகவும் வாசிக்கிறோம். அது ஓர் அதிகாரப் பத்திரத்தின் கதையுமாகும் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அசீரியரால் நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழ்ந்த தோபித்து, மேதியா நாட்டில் இருந்த கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்திருந்தார். பின்னர் வழிகள் பாதுகாப்பற்றுப் போயின. அவரால் மேதியாவுக்குச் செல்ல இயலவில்லை. இருபது ஆண்டுகள் கடந்தன. அவர் பார்வையையும் இழந்தார். தம் இறுதி நெருங்கிவிட்டதென எண்ணிய அவர், அந்த வெள்ளியைப் பெற்றுவர மகன் தோபியாவை அனுப்ப முடிவு செய்கிறார். அப்போது மகன் கேட்கும் கேள்வி மிகவும் நடைமுறை சார்ந்தது. எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. எதைக் காட்டினால் அவர் என்னை நம்பிப் பணம் கொடுப்பார்? தோபித்து விடையளிக்கிறார்: நாங்கள் ஒரு சீட்டு எழுதி, அதை இரண்டாக்கி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்டோம். அந்தப் பாதியைக் கொண்டுபோ.

அதோடு அவர் நிற்கவில்லை. வழித்துணையாக வந்த இளைஞரிடம் குலமென்ன, குடும்பமென்ன, தந்தையார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிகிறார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்று கூலியும் பேசுகிறார். வந்திருப்பவர் வானதூதர் இரபேல் என்பதை அவர் அறியார். வானதூதரையே விசாரித்து, கூலி பேசி அனுப்பியதற்காக அவரை நூல் எங்கும் குறை கூறவில்லை என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். பார்வையிழந்த முதியவர் தோபித்து அதனை வாழ்ந்து காட்டுகிறார்.

எக்பத்தானாவில் திருமண விருந்து நடந்துகொண்டிருந்ததால் தோபியாவால் புறப்பட இயலவில்லை. ஆகவே அவர் அந்தச் சீட்டை இரபேலிடம் கொடுத்து, நான்கு பணியாளர்களோடும் இரண்டு ஒட்டகங்களோடும் தம் சார்பில் அனுப்புகிறார். தந்தையின் அதிகாரம் மகனுக்கும், மகனின் அதிகாரம் துணைவருக்கும் செல்கிறது. இரபேல் சீட்டைக் கொடுக்க, கபேல் முத்திரை குலையாத பைகளை எண்ணி ஒப்படைக்கிறார். இருபது ஆண்டுகளாகியும் முத்திரை குலையவில்லை! இறுதியில் பாதிச் செல்வத்தையே கூலியாகத் தர முன்வந்தபோது, இரபேல் கடவுளைப் போற்றுங்கள் என்று சொல்லி, தாம் தம் விருப்பப்படி அன்று, கடவுளின் திருவுளப்படியே வந்ததாகக் கூறி மறைகிறார்.

இந்நூலை நடந்ததை நடந்தவாறே பதிந்த வரலாறாக அன்றி, பக்திநெறியைப் புகட்டும் கதையாகவே அறிஞர் பலர் கொள்வர். 1952-இல் கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த ஏடுகளில் இதன் அரமேயப் பகுதிகளும் எபிரேயப் பகுதியும் அடங்கும். கதையென்றே கொண்டாலும், கிறிஸ்துவுக்கு முற்பட்ட யூத மக்கள் தொலைநாட்டுக் கொடுக்கல் வாங்கலில் எழுத்தையும் சான்றையும் எவ்வளவு இன்றியமையாதனவாகக் கருதினர் என்பதற்கு இது தெளிவான சாட்சி. அங்கே அன்பும் இருந்தது; சீட்டும் இருந்தது.

கையைக் கொடுத்தல்

உரோமையர் இவ்வழக்கத்தைச் சட்டமாக்கினர். ஒருவர் தம் காரியத்தை மற்றொருவரிடம் ஒப்படைப்பதை அவர்கள் 'மந்தாத்தும்' என்றனர். கை என்னும் சொல்லும் கொடுத்தல் என்னும் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது. நம் தமிழில் கையளித்தல் என்கிறோமே, அதே அமைப்பு. உரோமைச் சட்டத்தில் மந்தாத்தும் கூலி பெறாமல், நட்பின் பொருட்டுச் செய்யப்படுவது. ஆனால் நட்புக்காகச் செய்ததென்று அதன் கடமை தளர்ந்துவிடவில்லை. ஒப்படைத்தவரை ஏமாற்றியவர் நீதிமன்றத்தில் தோற்றால், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு சமுதாயத்தில் மானமும் இழப்பார். இத்தகைய துரோகத்தை முன்னோர் திருட்டுக்கு ஒப்பான இழிவாகக் கருதினர் என்று சிசரோ கி.மு. 80-இல் நிகழ்த்திய ஒரு வழக்குரையில் எடுத்துக்காட்டினார். கையைக் கொடுத்தவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத தொலைவில் இருக்கிறார். அதனாலேயே அவரை ஏமாற்றுவது பெருங்குற்றமாயிற்று.

வழக்கு நடத்தும் சார்பாளர்களை உரோமையர் இருவகையாகப் பிரித்தனர் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் காயுஸ் விளக்குகிறார். எதிராளியின் முன்னிலையில், வரையறுத்த சொற்களால் நியமிக்கப்பட்டவர் ஒருவகை. எதிராளி அறியாமலே, எளிய ஒப்படைப்பால் நியமிக்கப்பட்டவர் மற்றொரு வகை. இவருக்குப் 'புரோகுராத்தோர்' என்று பெயர். இந்தப் புரோகுராத்தோர் வழக்குத் தொடுத்தால், தம்மை அனுப்பியவர் தம் செயலை ஏற்றுக்கொள்வார் என்று பிணை கொடுக்கவேண்டும். அதிகாரம் எவ்வளவு தெளிவாக அளிக்கப்படுகிறதோ அவ்வளவு ஐயம் குறையும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர்.

பேரரசரின் சார்பில் நாடுகளை ஆண்ட அலுவலர்க்கும் பின்னாளில் புரோகுராத்தோர் என்ற பெயர் வழங்கியது. பொந்தியு பிலாத்துவை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் அப்பெயராலேயே குறிக்கிறார். 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டோ அவரைப் 'பிரபெக்துஸ்' என்கிறது. பெயர் எதுவாயினும், பிறர் தந்த அதிகாரத்தை அயல்நாட்டில் செலுத்திய மனிதர் அவர். மேலிருந்து தரப்படாவிட்டால் அவருக்கு எந்த அதிகாரமும் இராது என்பதை இயேசு அவர் முகத்திற்கு நேரே நினைவூட்டினார். அவரோ கைகளைக் கழுவிக்கொண்டார். கையைக் கொடுத்தல் என்று பெயர் பெற்ற பொறுப்பிலிருந்து கையைக் கழுவிக்கொள்ளுதல்! பெரிய வியாழனன்று நாம் நிகழ்த்தும் பாதம் கழுவும் சடங்கிற்கு இலத்தீன் வழிபாட்டில் வழங்கும் பெயரும் மந்தாத்தும் என்பதை இங்கு நினைவுகூர்வோம். ஒருவர் கையைக் கழுவினார். மற்றவர் பாதங்களைக் கழுவினார். அதிகாரம் பெற்ற எவரும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

இதயத்திற்குப் பதிலாள் உண்டா?

இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் கடல் கடந்தனர். அவர்களோடு ஒப்படைப்பு ஆவணங்களும் கடல் கடந்தன. ஜெனோவா நகரின் நோட்டரி ஒருவர் 1154 முதல் 1164 வரை எழுதிய பதிவேடு இன்றும் உள்ளது. இன்றுவரை எஞ்சியுள்ள நோட்டரிப் பதிவேடுகளில் மிகப் பழைமையானது அதுவே. ஆனால் நிலமும் பணமும் மட்டுமா ஒப்படைக்கப்பட்டன? திருமணமும் ஒப்படைக்கப்பட்டது.

பிரான்சு மன்னர் நான்காம் ஹென்றிக்கும் மரிய தே மெதிச்சிக்கும் 1600-இல் பிளாரன்சில் திருமணம் நடந்தபோது மணமகன் அங்கு இல்லை. 1770-இல் வியன்னாவில் மரி அந்துவானெத்தின் திருமணத்தில் மணமகனுக்குப் பதிலாக நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரரே. 1810-இல் நெப்போலியனுக்காகவும் அதே நகரில் வேறொருவர் நின்றார். இது அரசகுலத்தாரின் ஆடம்பரம் மட்டுமன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியா சென்ற இத்தாலிய ஏழை இளைஞர் பலரும் ஊருக்குத் திரும்பக் கப்பல் கட்டணமின்றி, பதிலாள் வழியாகவே மணம் முடித்தனர். மணமகள் சொந்த ஊர்க் கோவிலில் மாற்றாள் ஒருவர் அருகே நின்று சம்மதம் சொல்லிவிட்டு, அதன்பின் கப்பல் ஏறினாள்.

திருச்சபை இதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கடுமையான வரம்புகளோடு ஏற்றுக்கொண்டது. 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் வெளியிட்ட சட்டத்தொகுப்பு இதற்கெனத் தனி அதிகாரம் வேண்டுமென்று வரையறுத்தது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1105-ஆம் எண்ணில் அதனையே விரித்துரைக்கிறது. பொதுவான அதிகாரம் செல்லாது; குறிப்பிட்ட ஒருவரை மணப்பதற்கான சிறப்பு அதிகாரமே வேண்டும். பதிலாளை அனுப்புபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பதிலாள் தம் பணியை மற்றொருவருக்குத் தள்ளிவிடாமல் தாமே நிறைவேற்ற வேண்டும். அனுப்புபவர் கையொப்பமிட வேண்டும். அவரோடு பங்குத்தந்தையோ, ஆயரோ, அவர்களால் நியமிக்கப்பட்ட குருவோ, குறைந்தது இரு சாட்சிகளோ கையொப்பமிட வேண்டும். இல்லையேல் நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்க ஆவணமாக அது இருக்கவேண்டும். எழுதத் தெரியாதவராயின் அதனைக் குறித்து, மேலும் ஒரு சாட்சியைச் சேர்க்க வேண்டும். தலத்திரு ஆட்சியரின் அனுமதியின்றிக் குரு இத்தகைய திருமணத்தை நடத்தலாகாது என்று 1071-ஆம் எண் கூறுகிறது.

அனைத்திலும் முக்கியமானது ஒன்றுண்டு. பதிலாள் தம் பெயரால் சம்மதம் சொல்லுமுன் அனுப்பியவர் மனம் மாறி அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அல்லது சித்தசுவாதீனம் இழந்துவிட்டால், அந்தத் திருமணம் செல்லாது. பதிலாளுக்கும் மணமகளுக்கும் அச்செய்தி தெரியாமல் இருந்தாலும் செல்லாது. போனிபாஸ் காலத்திலிருந்தே இதுதான் விதி.

இதற்கு மாறானது வணிகச் சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவரின் அதிகாரம் ரத்தாகும்போது, அச்செய்தி முகவருக்குத் தெரியும்வரை அவரைப் பொறுத்தும், மூன்றாம் நபருக்குத் தெரியும்வரை அவரைப் பொறுத்தும் ரத்து நடைமுறைக்கு வராது என்கிறது. பணத்தின் உலகில், அறியாமல் நம்பியவரைச் சட்டம் காக்கவேண்டியிருக்கிறது. திருமணத்தில் திருச்சபை காப்பது உள்ளத்தின் சம்மதத்தை. பதிலாள் வாயாகலாம், கையாகலாம், இதயமாக முடியாது. கையை ஒப்படைக்கலாம், மனச்சான்றை ஒப்படைக்க முடியாது என்பதே எழுநூறு ஆண்டுகளாகத் திருச்சபை இச்சட்டத்தால் போதித்துவரும் பாடம்.

ஒன்பது சென்டிமீட்டர் சதுரம்

நம் காலத்திற்கு வருவோம். அயல்நாட்டில் எழுதப்பட்ட ஆவணம் உண்மையானதுதானா என்று உள்ளூர் அலுவலர் எப்படி அறிவார்? முன்பு ஒரு முத்திரையை மற்றொரு முத்திரை சான்றளிக்க, அதை இன்னொன்று சான்றளிக்க, ஆவணம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. இந்த அலைச்சலைக் குறைக்கவே 1961 அக்டோபர் 5-ஆம் நாள் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. பக்கத்திற்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், பத்து வரிசை எண்கள், பிரெஞ்சு மொழியில் 'அப்போஸ்தில்' என்ற தலைப்பு. இந்த ஒரே சான்று போதும் என்று நாடுகள் உடன்பட்டன. இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மக்கள் பெருந்தொகையாக உழைக்கும் சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரில் வந்தது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. தூதரக அதிகாரிகள் முன்னிலையில் எழுதப்படும் பத்திரங்களுக்கு இச்சான்று பொருந்தாது. அவற்றிற்குத் தூதரக முத்திரையே சான்று.

நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், வெளிநாட்டில் இருப்பவர் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றோர் முன்னிலையில் எழுதி மெய்ப்பிக்கப்பட்ட அதிகாரப் பத்திரத்தை ஏற்கிறது. அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத்தீர்வை செலுத்தவேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். எழுதிக் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக அதிகாரமும் அவரோடு இறந்துவிடும். 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதிகாரப் பத்திரத்தைக் கிரயப் பத்திரத்திற்கு ஈடாகக் கொண்டு நிலத்தைக் கைமாற்றுவது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ உடன்பிறந்தோருக்கோ உண்மையாகவே தம் காரியத்தைப் பார்க்க ஒருவர் அதிகாரம் அளிப்பதைத் தாம் குறைகூறவில்லை என்றும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

இத்தனை சட்டங்களும் முத்திரைகளும் எதற்குச் சான்று பகர்கின்றன? கையொப்பம் உண்மையானது, முத்திரை உண்மையானது, கையொப்பமிட்ட அலுவலர் அப்பதவியில் உள்ளவர், அவ்வளவே. பத்திரத்தின் உள்ளே எழுதியிருப்பது நல்லதா என்று அப்போஸ்தில் சொல்லாது. அதைப் பெற்றுக்கொள்பவரின் உள்ளம் நல்லதா என்று எந்த முத்திரையும் சொல்லாது. அந்த அண்ணன் சொன்னது சரிதான், கையெழுத்து உண்மைதான். பொய்த்தது வேறொன்று.

ஒரே சொல்லின் இரு முகங்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் 'பராதிதோமி' என்றொரு சொல் உண்டு. கையளித்தல் என்பது அதன் பொருள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தில், ஆண்டவரிடமிருந்து தாம் பெற்றதைக் கையளித்ததாகப் பவுல் கூறுமிடத்தில் வருவது இச்சொல்லே. அதே வாக்கியத்தில், இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைக் குறிப்பதும் இச்சொல்லே. நம்பி ஒப்படைப்பதற்கும் துரோகமாய் ஒப்படைப்பதற்கும் ஒரே சொல்! செயல் ஒன்றுதான். எந்த உள்ளத்தோடு செய்யப்படுகிறது என்பதே கையளித்தலையும் காட்டிக்கொடுத்தலையும் வேறுபடுத்துகிறது. அதிகாரப் பத்திரம் ஒவ்வொன்றும் இந்த இரண்டின் நடுவே நிற்கிறது.

அந்த உள்ளத்தைச் சட்டத்தால் படைக்க இயலாது. ஆனால் வரம்பெழுதி அதனைச் சோதனைக்கு உட்படாமல் காக்க இயலும். இதைத்தான் நாம் அன்று உணரவில்லை. நிபந்தனை எழுதுவது அன்பின் குறைவென்று எண்ணினோம். தோபித்து தம் மகனை நேசித்தார்; சீட்டையும் கொடுத்தனுப்பினார். திருச்சபை மணமக்களை நேசிக்கிறது. இரு சாட்சிகளையும் கேட்கிறது. அளவின்றி அதிகாரம் அளித்தபோது அண்ணனுக்கு நாம் நன்மை செய்யவில்லை. ஒரு பெருஞ்சோதனையை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தோம். தம்பியின் இழப்பில் மட்டுமல்ல, அண்ணனின் வீழ்ச்சியிலும் நம் இரண்டு வரிக் கடிதத்திற்குப் பங்குண்டு. இதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதினோம்.

அண்மையில் அந்தத் தம்பியிடமிருந்து மீண்டும் ஒரு கடிதம் வந்தது. தாயார் விட்டுச்சென்ற வீட்டைக் குறித்து ஒரு வழக்கு. ஊரில் இருப்பவர் அண்ணனின் மகன் ஒருவர்தான். "தகப்பன் செய்தது மகனைச் சேராது, சாமி, அவனுக்கே எழுதிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். அவ்வரியை நாம் நெடுநேரம் கையில் வைத்திருந்தோம். எழுதிக் கொடுங்கள் என்றே மறுமொழி எழுதினோம். ஆனால் இம்முறை இரண்டு வரிகளில் முடிக்கவில்லை. வழக்கின் எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்த வழக்கை நடத்த மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவும் அடகு வைக்கவும் அதிகாரமில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். எதுவரை செல்லும் என்று நாள் குறியுங்கள். ஆண்டுக்கொரு முறை செலவுக் கணக்கு அனுப்பவேண்டுமென்று சேருங்கள். எப்போதாவது ரத்து செய்தால், சம்பந்தப்பட்ட அனைவருக்கும் உடனே எழுத்தில் அறிவியுங்கள். கையொப்பமிடுமுன் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், அந்தப் பிள்ளைக்காக நாளும் செபியுங்கள் என்றும் எழுதினோம்.

இவ்வாறு எழுதியதால் நம்பிக்கை குறைந்துவிட்டதாக இப்போது நமக்குத் தோன்றவில்லை. முத்திரை குலையாத பைகளை ஒருநாள் அந்த இளைஞனும் எண்ணி ஒப்படைப்பான் என்ற நம்பிக்கையோடுதான் அந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்த்தோம்.